பாலத்தில் தொங்கிய வைக்கோல்

பதினோராவது தும்மலைக் கெல்வின் அட்டோ கோட்டுக் கைக்குள்ளேயே அடக்கப் பார்த்தான். அது கேட்கவில்லை. மோண்டி ஸ்டேஸின் புத்தம்புதுக் காரின் முன்கண்ணாடி நெடுகப் பொட்டுப் பொட்டாகத் தெறித்தது.

"மன்னிச்சுக்குங்க சார். உங்க சென்ட் ரொம்ப ஒசத்தி போல. என் மூக்கு மலிவு மூக்கு. ரெண்டுக்கும் ஒத்துக்கல."

"பரவாயில்ல கெல்வின்." மோண்டி ஒரு வெள்ளைக் கைக்குட்டையை நீட்டினான். அதை வாங்கி மூக்கில் வைத்ததும் பன்னிரண்டாவது தும்மல் வந்தது.

பிப்ரவரிக் குளிர். லண்டனுக்குக் கிழக்கே, ஆறு கடலை நோக்கி அகலத் தொடங்கும் இடத்தில், கிரேமார்ஷ் எரிப்பு ஆலையின் படகுத்துறை. ஊரின் மேற்குப் பாதி தின்று கழித்தது எல்லாம் மஞ்சள் நிற இரும்புப் பெட்டிகளில் அடைபட்டுத் தினமும் ஆற்று வழியாக இங்கேதான் வருகிறது. பெட்டியைக் கிரேன் தூக்கும், வண்டி சுமக்கும், உலை விழுங்கும். உலை மட்டும் எதற்காகவும் யாருக்காகவும் நிற்காது.

இன்று அது ஒரே ஒரு பெட்டிக்காக நின்றாக வேண்டும். 318-ஆம் நம்பர்.

அந்தப் பெட்டிக்குள் எங்கோ ஒரு நீல பிளாஸ்க் கிடக்கிறது. அது கிடைத்தால் எஃபுவா குவான்சா இன்று ராத்திரி தன் கட்டிலில் தூங்குவாள். கிடைக்காவிட்டால் மூன்று மணிக்குக் கோர்ட், நாலு மணிக்கு ஜெயில்.

எஃபுவா, செல்ஸீயில் ஒரு பெரிய வீட்டில் கத்பர்ட் ஸ்டேஸ் என்ற எண்பத்து மூன்று வயதுக் கிழவரைக் கவனித்துக்கொண்டவள். கிழவர் ஒரு காலத்தில் முப்பது சரக்குப் படகுகளுக்குச் சொந்தக்காரர். நேற்று முன்தினம் இரவு, இதய மருந்து அளவுக்கு மேல் உள்ளே போய் இறந்துவிட்டார். மருந்துப் பெட்டியின் சாவி எஃபுவாவிடம். போலீசுக்கு அது போதுமாக இருந்தது. 'நான் சர்ச்சிலிருந்து திரும்பினப்போ படுக்கைக்குப் பக்கத்துல நான் பார்த்தே இராத ஒரு நீல பிளாஸ்க் இருந்துச்சு. அதிலிருந்துதான் குடிச்சிருக்கார்' என்று அவள் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. மறுநாள் பிளாஸ்க்கைக் காணோம். குப்பைத்தொட்டிக்குப் போயிருக்கலாம். தொட்டியை இன்று விடியலில் லாரி அள்ளிக்கொண்டு போய்விட்டது. அந்த லாரி பாட்டர்ஸீ படகுத்துறையில் கொட்டியது 318-ஆம் பெட்டிக்குள் என்று விசாரித்ததில் தெரிந்தது.

கெல்வின் நம்பினான். பெக்கமில் அவன் வளர்ந்த தெருவில், அம்மா இரவு வேலைக்குப் போன நாட்களிலெல்லாம் அவனுக்கு வேர்க்கடலைச் சூப் ஊற்றியவள் எஃபுவா ஆன்ட்டி. கேஸைத் தன் முதலாளியான துப்பறிவாளர் மார்னி ட்ரஸ்காட்டிடம் கொண்டுவந்தவன் அவன். 'எஃபுவா எங்க குடும்பத்துல ஒருத்தி மாதிரி, ஃபீஸ் என்னோடது' என்று முன்வந்தவன் மோண்டி, கிழவரின் அண்ணன் மகன், ஒரே வாரிசு.

காரின் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். மார்னி. ஐம்பத்தாறு வயது, ஆற்றுப் போலீசில் இருபது வருஷம் இருந்துவிட்டு வெளியே வந்தவள். தலையில் கம்பளித் தொப்பி, கையில் ஆறிப்போன டீ.

"படகு வருது. எறங்குங்க."

கெல்வின் இறங்கினான். திறந்த காற்றில் மூக்கு உடனே திறந்துகொண்டது. சுற்றிலும் நூறு டன் குப்பை இருக்கும் இடத்தில் நிம்மதியாக மூச்சு விட்ட முதல் மனிதன் தானாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

"பாஸ், மணி பதினொண்ணே கால். பத்தரைக்கே வரும்னீங்களே?"

"ஆறு. பஸ் இல்ல."

"பஸ்ஸும் அப்படித்தான் வருது."

வளைவைத் தாண்டி 'ஹெரன்' என்ற இழுவைப் படகு தெரிந்தது. பின்னால் மஞ்சள் பெட்டிகளை இரண்டடுக்காகச் சுமந்த பார்ஜ், நீண்ட தட்டைச் சரக்குப் படகு. இவ்வளவும் ரோட்டில் வந்திருந்தால் நாற்பது லாரி. ஆற்றில் வந்ததால் இரண்டு பேர்: கேப்டன் ஆம்ப்ரோஸ் பிக்கெட்டும் கயிறு வீசும் ஓர் உதவியாளும்.

மார்னி ஆலை மேனேஜரோடு பேசப் போனாள். உதவியாள் வீசிய கயிறு காற்றில் திசை மாறிக் கெல்வினை நோக்கி வந்தது. ஆற்றைக் கண்டாலே பயப்படும் கெல்வின் ஒதுங்கிக்கொண்டான். மோண்டி கையை நீட்டிப் பிடித்தான். துறையோரத்து இரும்புத் தறியில் இரண்டு சுற்று, ஒரு மடிப்பு, ஒரு இழுப்பு. கண்ணாடி முன்னால் டை கட்டுகிறவன் மாதிரி, கையைப் பார்க்காமலே கட்டி முடித்தான்.

"பிரமாதம் சார்!"

"கொஞ்ச நாள் பாய்மரப் படகு ஓட்டினேன்," என்றான் மோண்டி, கைக்குட்டையால் விரல்களைத் துடைத்தபடி.

கிரேன் வேலையைத் தொடங்கியது. முதல் பெட்டி, இரண்டாவது, மூன்றாவது என்று வண்டிகளில் ஏறி ஆலைக்குள் போயின. நாலாவதின் கதவோரத் தகட்டில் 318 என்று இருந்தது. கிரேன்காரி அதை மட்டும் தனியாக, சிமென்ட் தரையில் இறக்கினாள்.

"ஒரே ஒரு பெட்டிதான், ஒரே ஒரு மணி நேரந்தான்," என்று மேனேஜர் எச்சரித்தார். "மத்ததெல்லாம் வழக்கம்போல உலைக்குப் போகும்."

கதவு திறந்தது. அழுத்தி அடைத்த குப்பை மெல்ல மூச்சு விட்டுச் சரிந்தது. கெல்வின் கையுறை மாட்டிக்கொண்டு முழங்கால் வரை உள்ளே இறங்கினான்.

ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். பதினைந்து.

"பாஸ்."

"கெடச்சுதா?"

"இல்ல. ஒரு சந்தேகம். செல்ஸீ பணக்காரங்க வீட்டுல காலைச் சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவாங்க?"

"உளறாம விஷயத்துக்கு வா."

"இதுல மொத்தமும் காபி கப்பு. முக்கோண சாண்ட்விச் டப்பா. பொடிப்பொடியா வெட்டின காகிதம். ஒரு பால் டப்பா இல்ல. உருளைக்கிழங்குத் தோல் இல்ல. குழந்தை டயப்பர் ஒண்ணுகூட இல்ல. இது வீட்டுக் குப்பை இல்ல பாஸ். ஆபீஸ் குப்பை."

மார்னி டீக்கோப்பையைக் கீழே வைத்தாள். அவள் டீயைக் கீழே வைத்தால் விஷயம் பெரிது.

"318-தானே இது?"

"தகடு அப்படித்தான் சொல்லுது."

மோண்டி முகத்தில் வருத்தம். "அடடா. ஏத்துற இடத்துல தப்பா எழுதியிருப்பாங்க. பாவம் எஃபுவா. வேற வழி பார்க்கலாம் மார்னி. நல்ல வக்கீலா ஏற்பாடு பண்றேன்."

மார்னி படகின் பக்கம் திரும்பினாள். "ஆம்ப்ரோஸ்! வழியில எங்கயாவது நிறுத்தினியா?"

கேப்டன் பிக்கெட் சுக்கான் அறையிலிருந்து தலையை நீட்டினார். அறுபதைத் தாண்டியவர், தாடி முழுக்க ரொட்டித் துணுக்கு. "நிறுத்தறதா? ஏம்மா மார்னி, உனக்குத் தெரியாததா? பாட்டர்ஸீல கட்டை அவிழ்த்தா கிரேமார்ஷ்லதான் கட்டுவேன். நாப்பது வருஷமா."

"யாராவது ஏறினாங்களா?"

"ஏறினா தெரியாமப் போகுமா?"

மார்னி உதட்டைக் கடித்தாள். கெல்வின் குப்பையிலிருந்து காலை உருவிக்கொண்டு விரல் விட்டு எண்ணினான். படிப்பில் அவன் அப்படி ஒன்றும் கெட்டிக்காரன் இல்லை. ஆனால் பஸ்ஸுக்குக் காத்திருந்தே வளர்ந்தவனுக்கு நேரக் கணக்கு தப்பாது.

"கேப்டன், எட்டு மணிக்குக் கெளம்பினீங்க. பத்தரைக்கு வரணும். பதினொண்ணே காலுக்கு வந்தீங்க. அந்த முக்கால் மணி நேரம் எங்க போச்சு?"

"அதுவா? வைக்கோல்."

"ஓ, வைக்கோலா," என்றாள் மார்னி, தலையை ஆட்டிக்கொண்டே.

கெல்வின் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "என்ன வைக்கோல்? உங்க படகை மாடா இழுக்குது?"

பிக்கெட் கண்ணை உருட்டினார். ஆற்றில் பிறக்காதவர்கள்மேல் அவருக்கு எப்போதும் ஒரு இரக்கம். "தம்பி, பாலத்துக்கு அடியில சாரம் கட்டி வேலை பார்த்தா உயரம் கொறஞ்சுடும்ல? அப்போ அந்த வளைவுல ஒரு கட்டு வைக்கோலைத் தொங்க விடுவாங்க. பகல்ல அதுதான் அடையாளம். எங்க பாட்டன் காலத்துலருந்து சட்டம். வைக்கோலைப் பார்த்தா பெட்டி இடிக்குமோன்னு பயம். மிதவையில கட்டிப்போட்டு, கடல் வத்தத்துல ஆத்துத் தண்ணி ஒரு கஜம் எறங்குற வரைக்கும் இருந்துட்டுப் போவோம். இன்னிக்கு ரயில் பாலத்துல, மூணாவது வளைவு. நானும் பயலும் உள்ள உக்காந்து டீயும் பன்றிக்கறி ரொட்டியும் சாப்பிட்டோம்."

"அதுக்குப் பேர் நிறுத்தறது இல்லையா?"

"அது வைக்கோல்," என்றார் பிக்கெட், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

"கெல்வின், அது ரொம்பச் சாதாரணம். வாராவாரம் துறைமுக ஆபீஸ்லருந்து எந்தப் பாலத்துல வேலைன்னு பட்டியல் வரும், அதைப் பார்த்து…"

மார்னியின் வாய் பாதியில் நின்றது.

பிக்கெட்டின் வாயும் திறந்தபடி நின்றது. ரொட்டித் துணுக்கு ஒன்று தாடியிலிருந்து ஆற்றில் விழுந்தது.

"ஆம்ப்ரோஸ். இந்த வாரப் பட்டியல்ல ரயில் பாலம் இருக்கா?"

"…இல்ல."

"பின்னே ஏன் நின்னே?"

"வைக்கோல் தொங்குச்சேம்மா!"

சிவப்பு விளக்கு எரிந்தால் லண்டனில் பாதிப் பேர் நிற்கமாட்டார்கள். ஆனால் பாலத்தில் ஒரு கைப்பிடி வைக்கோல் தொங்கினால் ஆற்றுக்காரன் நிற்பான், ஏன் என்று கேட்கமாட்டான். அது எவனுக்கோ தெரிந்திருக்கிறது.

மார்னி போனை எடுத்து, ஆற்றுப் போலீசில் இன்னும் வேலை பார்க்கும் கோர்ம்லியை அழைத்தாள். "ரயில் பாலம், மூணாவது வளைவு. ஒரு கட்டு வைக்கோல் தொங்கும். போய்ப் பாரு. தொடாம பாரு." பிறகு 318-ன் கதவருகே குனிந்தாள். நம்பர் தகடு ஒரு சட்டத்தில் சொருகி, ஆணி போட்டு நிறுத்தப்பட்டிருந்தது. ஆணியைச் சுற்றி இருந்த துருவில் பளபளவென்று புதுக் கீறல்.

"பெட்டியைத் திருடல. பன்னெண்டு டன் பெட்டியை எவன் திருடுவான்? தகட்டை மட்டும் மாத்திட்டான். பின்பக்கமா ஒரு சின்னப் படகுல வந்தா, முன்னாடி உக்காந்து ரொட்டி திங்கிறவனுக்குத் தெரியாது. ரெண்டு நிமிஷ வேலை."

"எதுக்கு பாஸ்?"

"நாம இந்தப் பெட்டியைக் கிளறிட்டிருக்கும்போது நெஜமான 318 வேற நம்பரோட…"

இருவரும் ஒரே நேரத்தில் ஆலையின் புகைபோக்கியைப் பார்த்தார்கள்.

"கேப்டன்!" கெல்வின் அலறினான். "நெஜமான 318-ஐ பார்ஜ்ல எங்க வச்சாங்க?"

"கடைசியா வந்த பெட்டி. அதுக்காகப் பத்து நிமிஷம் காத்துக்கிடந்தேன். பின்கோடி, மேலடுக்கு."

"கிரேன் எதை மொதல்ல எடுக்கும்?"

கிரேன்காரி மேலேயிருந்து கத்தினாள்: "பின்கோடி, மேலடுக்கு!"

முதல் பெட்டி. அது உள்ளே போய் இருபத்தைந்து நிமிஷம்.

கெல்வின் ஓடினான். நூற்றுப் பதினெட்டுக் கிலோ எடையை இரண்டு கால்களில் பிரித்துச் சுமந்துகொண்டு, காலில் ஒரு சாண்ட்விச் டப்பா மாட்டியிருக்க, ஓடினான். பின்னால் மார்னி மேனேஜரிடம் கத்துவதும் மேனேஜர் போனில் கத்துவதும் கேட்டன. ஆலைக் கூடத்துக்குள் இரைச்சல், தூசி, மங்கலான விளக்கு. எதிரே ஆறு மாடி ஆழத்தில் குப்பைக் குழி. இன்றைக்கு ஒரு வாசல் பழுது என்பதால் வண்டிகள் வரிசையில் நின்றிருந்தன. அது ஒன்றுதான் அதிர்ஷ்டம். முதல் வண்டி அப்போதுதான் பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. பெட்டியின் கதவு திறந்திருந்தது. முன்பக்கம் மெல்ல மேலே எழத் தொடங்கியது.

டிரைவர் காதில் இரைச்சலுக்கு அடைப்பு. கத்திப் பயனில்லை.

வாழ்க்கையில் எந்த விளையாட்டிலும் யாரும் கெல்வினை அணியில் சேர்த்ததில்லை, கோல் காவலுக்குத் தவிர. வாசலை அடைத்துக்கொண்டு நிற்கத்தான் லாயக்கு என்பார்கள். அவன் குழிக்கும் வண்டிக்கும் நடுவே போய், கைகளை விரித்து, வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். குதிகாலுக்குப் பின்னால் ஒரு சாண் சிமென்ட். அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை.

வண்டி வந்தது. கண்ணாடியில் டிரைவரின் கண் தெரிந்தது. அந்தக் கண் விரிந்தது.

பிரேக் கிறீச்சிட்டது. இரண்டு குப்பைப் பைகள் சரிந்து கெல்வினின் மார்பில் விழுந்தன. ஒன்று உடைந்து, உருளைக்கிழங்குத் தோல் மாலைபோல அவன் கழுத்தைச் சுற்றியது.

"வீட்டுக் குப்பை!" கண்ணில் நீர் கட்ட அவன் கத்தினான். "பாஸ், வீட்டுக் குப்பை!"

பெட்டியைத் துறைக்குத் திருப்பிக் கொண்டுவந்து தரையில் கொட்டச் சொன்னாள் மார்னி. கெல்வினும் மேனேஜர் அனுப்பிய நாலு ஆட்களும் இறங்கினார்கள்.

மோண்டி கைதட்டினான். "சபாஷ் கெல்வின்! உயிரையே பணயம் வச்சுட்டீங்க. சரி மார்னி, நான் கோர்ட்டுக்குப் போய் வக்கீலைப் பார்க்கறேன்." கெல்வினின் தோளைத் தட்டப் பக்கத்தில் வந்தான்.

கெல்வின் தும்மினான். மூன்று முறை.

அரை மணி நேரமாகக் குப்பையில் கிடந்தவன், ஒருமுறைகூடத் தும்மாதவன், இப்போது தும்மினான். மார்னி அவனைப் பார்த்தாள். பிறகு மோண்டியின் கோட்டைப் பார்த்தாள்.

அவள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"கோர்ம்லி பேசறேன். மார்னி, இது வைக்கோல் இல்ல. காஞ்ச புல்லு. பச்சை வாசனை இன்னும் போகல. குதிரைக்குப் போடுற நயம் சரக்கு."

"என் மூக்குக்குப் புல்தூசு ஆகாது," என்றான் கெல்வின் மெதுவாக. "குதிரை லாயம் பக்கம் போனாலே செத்தேன். சார், உங்ககிட்ட ரெண்டு குதிரை இருக்குன்னு எஃபுவா ஆன்ட்டி சொல்லுவாங்க."

"தினமும் காலையில சவாரி போறவன் நான். கோட்டுல புல் ஒட்டினா கொலையா?" மோண்டி சிரித்தான். சிரிப்பு சரியாகத்தான் இருந்தது. "பெட்டி நம்பர்கூட எனக்கு…"

"ஏழரை மணிக்கு நீங்க போன் பண்ணினீங்க," என்றான் கெல்வின். "நாந்தான் சொன்னேன். 318-ன்னு. சந்தோஷத்துல, கேக்காத பார்ஜ் கம்பெனிப் பேரைக்கூடச் சேர்த்துச் சொன்னேன்."

"உன் வாயைப் பத்தி அப்புறம் பேசலாம்," என்றாள் மார்னி, கடுமை இல்லாமல். "கோர்ம்லி, எப்படிக் கட்டியிருக்கு?"

"அதான் வேடிக்கை. பார்ஜ்காரங்க முடிச்சு. ஆனா தலைகீழா, எடதுகைப் பக்கமா சுத்தியிருக்கு. இப்படி ஒண்ணு நான் பார்த்ததே இல்ல."

கேப்டன் பிக்கெட் படகிலிருந்து இறங்கி, தன் கயிறு கட்டியிருந்த இரும்புத் தறிக்கு நடந்து போனார். குனிந்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"நான் பார்த்திருக்கேன்," என்றார். "இந்த ஆத்துல எடதுகைப் பக்கமா இந்த முடிச்சைப் போட்டவன் ஒருத்தன்தான். கத்பர்ட் ஸ்டேஸ். பதினாறு வயசுல அவன்கிட்டதான் நான் வேலைக்குச் சேர்ந்தேன். எங்க யாருக்கும் அது வரல. வலதுகைக்காரனுக்குக் கஷ்டம்." நிமிர்ந்தார். "இது யாரு கட்டினது? என் பையன் இல்ல."

"அவர்தான்," என்றான் கெல்வின். "கையைப் பார்க்காமலே."

மோண்டியின் சிரிப்பு இப்போது எங்கே போவதென்று தெரியாமல் முகத்திலேயே நின்றது.

"உங்க சித்தப்பா உங்களுக்கு ஆத்தைக் கத்துக்குடுத்தாரு," என்றாள் மார்னி. "வைக்கோல் சட்டமும் அவர் சொன்னதுதான். அவர் வீட்டுப் பின்படியில கட்டியிருக்கிற சின்னப் படகும் அவரோடதுதான். ஆனா ஒரு மணி நேரத்துல வைக்கோலுக்கு எங்க போவீங்க? லாயத்துல இருந்த புல்லை எடுத்துக்கிட்டீங்க. தூரத்துலேருந்து பார்க்கிற கேப்டனுக்கு வித்தியாசம் தெரியாது."

"ஒரு முடிச்சு!" மோண்டி பின்னால் நகர்ந்தான். "ஒரு முடிச்சையும் இந்தக் குண்டனோட தும்மலையும் எடுத்துக்கிட்டு கோர்ட்டுக்குப் போவீங்களா? பிளாஸ்க் எங்க? காட்டுங்க!" திரும்பிக் காரை நோக்கி வேகமாக நடந்தான்.

காருக்கு முன்னால் ஒரு மஞ்சள் பெட்டி உட்கார்ந்திருந்தது. பின்னால் இன்னொன்று. மேலே கிரேன்காரி கன்னத்தில் கை வைத்தபடி கீழே பார்த்தாள். மார்னி தொப்பியைத் தொட்டு அவளுக்கு நன்றி சொன்னாள்.

கெல்வின் மறுபடியும் குப்பைக்குள் இறங்கினான். மணி பன்னிரண்டு. ஒன்று. கையுறை கிழிந்தது. யாரோ ஒருவரின் பூனை மண், யாரோ ஒருவரின் பிறந்தநாள் கேக், யாரோ ஒருவரின் காதல் கடிதம். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஒதுக்கினான். ஒன்றரை. ஆற்றுப் போலீஸ் படகில் கோர்ம்லி வந்தார்; அவருடைய ஆட்கள் இருவர் மோண்டியின் பக்கத்தில் நின்றார்கள். ஒன்று ஐம்பதுக்கு, ஸ்டேஸ் வீட்டு முகவரி ஒட்டிய ஒரு பைக்குள், பழைய செய்தித்தாளில் சுற்றி, அவன் விரலில் ஏதோ சில்லென்று பட்டது.

நீலம்.

அவன் அதைத் தூக்கிக் காட்டவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். மார்னி வந்து பையை விரித்துப் பிடித்தாள். அடியில் இரண்டு வாய் பால் இன்னும் மிச்சம் இருந்தது; மருந்து அதில்தான் கலந்ததா என்று சோதிக்க அது போதும்.

கோர்ம்லி தறியைச் சுற்றி நாடா கட்டினார். முடிச்சை யாரும் அவிழ்க்கக் கூடாது, அது சாட்சி. 'அப்ப நான் எப்படிப் போறது? தண்ணி எறங்குது!' என்று பிக்கெட் சத்தம் போட்டார். பிறகு படகுக்குள் போய் ஒரு கோடரியோடு வந்தார். நாற்பது வருஷத்தில் ஒரு கயிற்றையும் வெட்டாதவர், தன் பக்கத்துக் கயிற்றை ஒரே வெட்டாக வெட்டினார். குருவின் முடிச்சு தறியிலேயே இருந்தது. அதைப் பார்த்து ஒருமுறை தொப்பியைக் கழற்றினார். ஹெரன் மேற்கே திரும்பியது.

மூன்றே முக்காலுக்குக் கெல்வினின் போன் அடித்தது. வக்கீலின் நம்பர், எஃபுவா ஆன்ட்டியின் குரல்.

"விட்டுட்டாங்கடா கண்ணா."

இருபது நகைச்சுவை தயாராக வைத்திருந்தான். ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

"கேக்குதா? ராத்திரி சாப்பிட வந்துடு. வேர்க்கடலைச் சூப் வைக்கறேன்." அந்தப் பக்கம் வக்கீல் ஏதோ சொல்வது கேட்டது. "என்னது? ரெண்டரை மணி நேரம் குப்பைக்குள்ளயா?" மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது.

"கெல்வின்."

"சொல்லுங்க ஆன்ட்டி."

"குளிச்சுட்டு வா."